எட்டுக்கு எட்டு ஆணிப்பலகை: சுற்றளவும் பரப்பளவும் சொல்லித்தர வாங்கலாமா?

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளி எங்களுடையது. நீடாமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு வகுப்புக்கும் சேர்த்து 19 பிள்ளைகள். எந்த வருடத்தை எடுத்துக்கொண்டாலும் கணக்கில் வண்டி வந்து நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. சுற்றளவு, பரப்பளவு. சூத்திரம் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். "தோட்டத்தைச் சுற்றிக் கம்பி கட்ட எவ்வளவு கம்பி வேணும்?" என்று கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போதும், கடைசியாக எந்தச் சூத்திரம் படித்தார்களோ அதைப் போட்டுவிடுவார்கள். சுற்றளவுக்குச் ச.செ.மீ., பரப்பளவுக்கு வெறும் செ.மீ. என்று எழுதிய தாள்கள் என் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சூத்திரம் தெரிந்த பிள்ளைக்கு எதை அளக்கிறோம் என்பது தெரியவில்லை என்றால் குறை பிள்ளையிடம் இல்லை, நான் காட்டிய விதத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்படித் தேடும்போது கண்ணில் பட்டதுதான் இந்த ஆணிப்பலகை. கடைகளில் ஜியோபோர்டு என்று கேட்க வேண்டும். எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த கேலப் கட்டேக்னோ என்ற கணித ஆசிரியர் 1950களில் உருவாக்கிய கருவி. இன்று இணையத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள், சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கியது மரப்பலகை. பக்கத்துக்கு 20 செ.மீ. நீளமுள்ள சதுரம். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு ஆணி, மொத்தம் 64. ஆணிக்கு ஆணி 2.5 செ.மீ. இடைவெளி. ஆணிகள் நுனி மழுங்கிய உலோகம், 3 மி.மீ. தடிமன். கூடவே ஆறு நிறத்தில் ரப்பர் பேண்டுகள், 30 பட அட்டைகள். ஒன்று 399 ரூபாய். மூன்று வாங்கினேன். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் புழங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்ததுமே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்து, "டீச்சர், இது கோலப் புள்ளி. எட்டுப் புள்ளி எட்டு வரிசை, நேர்ப்புள்ளி" என்றாள். அதற்குமேல் நான் அறிமுகம் செய்ய எதுவும் இருக்கவில்லை. மார்கழியில் அம்மாவோடு குனிந்து புள்ளி வைத்த கைகள் அவை. முதல் நாள் முழுக்க ரப்பர் பேண்டை மாட்டி விளையாட விட்டுவிட்டேன். மீன், படகு, வீடு, ராக்கெட் எல்லாம் வந்தன. வாங்குகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்: இந்த ஒரு நாளைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்காதீர்கள். விளையாடித் தீர்க்காத பிள்ளை மறுநாள் செவ்வகம் கட்டச் சொன்னாலும் படகுதான் கட்டும்.

இரண்டாம் நாள் பாடத்துக்கு வந்தோம். நான்கு ஆணிகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கட்டத்தைச் சதுர அலகு என்று சொல்ல வேண்டும். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் அதைவிட நெருக்கமான ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. குழி. 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி நிலம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். தாத்தா பாட்டி வாயில் தினமும் வருகிற சொல். பலகையில் ஒரு சின்னக் கட்டத்தை ஒரு குழி என்று வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் பேண்டு வரப்பு என்று சொன்னேன். அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "உன் வயல்ல எத்தனை குழி?" என்றால் உள்ளே இருக்கும் கட்டங்களை விரல் வைத்து எண்ணுவார்கள். "வரப்பு எவ்வளவு?" என்றால் விரல் ஓரமாக நடக்கும். இரண்டு கேள்விக்கும் விரல் போகிற இடமே வேறு. வெள்ளைத்தாளில் செவ்வகம் வரைந்து 6 செ.மீ., 4 செ.மீ. என்று ஓரத்தில் எழுதிக் காட்டியபோது இந்த வேறுபாடு விரலுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை.

பரப்பளவுக்கு இந்தப் பலகையை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். ஆனால் முதல் எடுத்துக்காட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் முதலில் கட்டிக் காட்டியது 4க்கு 4 சதுரம். பலகையின் நடுவில் அழகாக உட்கார்ந்தது. குழி எண்ணினார்கள், 16. வரப்பு எண்ணினார்கள், அதுவும் 16. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்று நாலாம் வகுப்புப் பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம். எந்த இரண்டைப் பிரித்துக் காட்டப் பலகையை வாங்கினேனோ, அந்த இரண்டையும் ஒட்டவைத்துக் காட்டிவிட்டேன். பக்கங்கள் முழு எண்ணாக இருக்கும் செவ்வகங்களில் இப்படி இரண்டு எண்ணும் ஒத்துப்போவது 4க்கு 4, 6க்கு 3 ஆகிய இரண்டில் மட்டும்தான். அதில் ஒன்றை நான் போய் எடுத்திருக்கிறேன். அடுத்த நாள் 5க்கு 2 என்று தொடங்கினேன். குழி 10, வரப்பு 14. குழப்பம் இல்லை. 4க்கு 4ஐக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்து, "எண் ஒண்ணா வந்துச்சு, ஆனா பொருள் ஒண்ணா?" என்று கேட்டேன். அப்போது அதே பையன், "பதினாறு வாழைப்பழமும் பதினாறு முழம் பூவும் ஒண்ணா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டான். அலகு ஏன் எழுத வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லிவந்த விளக்கத்தைவிட இது நல்ல விளக்கம்.

இதைவிட ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பலகையை வாங்குகிற யாருமே இதில் கட்டாயம் இடறுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளைகள் இடைவெளியை எண்ணுவதற்குப் பதிலாக ஆணியை எண்ணுவார்கள். 4க்கு 3 செவ்வகம் என்று வையுங்கள். நீளப்பக்கத்தில் ஐந்து ஆணி, அகலப்பக்கத்தில் நான்கு ஆணி இருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஆணி, இடைவெளி வெறும் மரம். அதனால் 5, 4, 5, 4 என்று கூட்டி 18 என்பார்கள். சரியான விடை 14. "ஆணியை எண்ணாதே, நடுவுல இருக்கிற தூரத்தை எண்ணு" என்று நானும் தொண்டை வறளச் சொன்னேன்.

அப்போது ஒரு பையன் 14 என்று சரியாகச் சொன்னான். எப்படி எண்ணினாய் என்றேன். ஒரு மூலையில் தொடங்கி, ஆணி ஆணியாகத் தொட்டுக்கொண்டே சுற்றிவந்து, தொடங்கிய ஆணிக்கு முந்தைய ஆணியில் நிறுத்தினான். 14 ஆணி. ஆணியை எண்ணித்தான் சரியான விடைக்கு வந்திருக்கிறான்! தப்பு என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, ஏன் ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 14 என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு பாடவேளை முழுக்க ஓடியது. கடைசியில் ஒரு சிறுமி மூலை ஆணி நான்கிலும் சிவப்பு நூலைச் சுற்றிவைத்து, "இந்த நாலையும் ரெண்டு தடவை எண்ணியிருக்கோம்" என்றாள். 18இல் 4 போக 14. சுற்றி வரும்போது ஒவ்வோர் ஆணிக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி வருகிறது, அதனால் ஆணியும் இடைவெளியும் சமமாகிவிடுகின்றன. ஒரே நேர்கோட்டில் போனால் ஆணி ஒன்று கூடுதலாக இருக்கும், சுற்றி வந்து மூடினால் சமம். வேலிக்கால் நடுகிறவர்களுக்கு இது தெரியும். பத்து வயதில் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்த பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். 399 ரூபாயை இந்த ஒரு பாடவேளைக்காகவே கொடுக்கலாம்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். பெரிய குறை, பலகையோடு வரும் ரப்பர் பேண்டு. உடனே அறுந்துபோகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைவிட முக்கியம், ரப்பர் பேண்டு சுற்றளவைப் பற்றிப் பொய் சொல்கிறது. ஒரு பிள்ளை பச்சை ரப்பர் பேண்டை 2க்கு 2 சதுரத்தில் மாட்டியிருந்தாள். அதையே இழுத்து 5க்கு 5 ஆக்கினாள். வரப்பு என்ன ஆயிற்று என்று கேட்டதும், "அதே ரப்பர்தானே டீச்சர், மாறலையே" என்றாள். அவள் கண்ணில் பட்டது அதுதான். நீளுகிற பொருளைக் கையில் கொடுத்து நீளத்தைச் சொல்லித்தர முடியாது. பலகையோடு வருகிற பொருளால் பரப்பளவை அருமையாகக் காட்டலாம், சுற்றளவை அதைக்கொண்டு காட்டக் கூடாது. விற்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

நான் செய்தது, சாக்குத் தைக்கிற சணல் நூல். நெல் விளைகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. 16 அலகு வரப்புக்கு 16 தடவை 2.5, அதாவது 40 செ.மீ. அளந்து வளையமாக முடிச்சுப் போட்டேன். மாட்டிப் பார்த்தால் மாட்டவில்லை! கடைசி மூலைக்கு எட்டாமல் நின்றது. முடிச்சில் போயிருக்கும் என்று நினைத்து இன்னொன்று கட்டினேன், அதுவும் எட்டவில்லை. வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நூல் ஆணியின் நடுப்புள்ளி வழியாகப் போவதில்லை, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறது. ஒவ்வொரு மூலையிலும் ஆணியைக் கால் வட்டம் சுற்றுகிறது. நான்கு மூலை சேர்ந்தால் ஒரு முழு வட்டம். 3 மி.மீ. தடிமனுள்ள ஆணியைச் சுற்ற 9 மி.மீ.க்கு மேல் வேண்டும். 41 செ.மீ. வளையம் கட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நீங்களும் செய்தால் கணக்குக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கட்டுங்கள், முடிச்சுக்குத் தனி.

இந்த வளையம் கைக்கு வந்த பிறகுதான் பாடம் சூடு பிடித்தது. வளையத்தின் நீளம் மாறாது. அதே வளையத்தை வைத்து எத்தனை விதமாக வயல் கட்டலாம் என்று கேட்டேன். 7க்கு 1 கட்டினார்கள், 6க்கு 2, 5க்கு 3, 4க்கு 4. வரப்பு எல்லாவற்றுக்கும் 16தான், நூலே சாட்சி. குழி மட்டும் 7, 12, 15, 16 என்று ஏறிக்கொண்டே போனது. எட்டு ஆணிப் பலகையில் 7க்கு 1 மிகச்சரியாக விளிம்போடு விளிம்பாகப் பொருந்துகிறது. அதனால்தான் ஐந்துக்கு ஐந்து ஆணிப் பலகையை நான் சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைப்பது அதுதான். ஆனால் அதில் ஒரு பக்கம் நான்கு அலகோடு முடிந்துவிடும், இந்த விளையாட்டின் நான்கு வடிவங்களில் மூன்றை அதில் கட்டவே முடியாது.

அப்புறம் வயலைக் கடிக்கத் தொடங்கினோம். 4க்கு 4 சதுரத்தின் ஒரு மூலையில் ஒரு குழியை வெட்டி எடுத்தால் வரப்பு என்ன ஆகும்? 19 பேரில் 17 பேர் குறையும் என்றார்கள். நூலை மூலையிலிருந்து எடுத்து உள் ஆணியில் மடக்கி மாட்டினோம். அதே வளையம் போதுமானதாக இருந்தது. குழி 15, வரப்பு 16. இன்னும் கொஞ்சம் கடித்து மூலையில் 2க்கு 2 எடுத்தோம். குழி 12, வரப்பு மறுபடியும் 16. வகுப்பில் ஒரே சத்தம். அடுத்து, மூலையை விட்டு ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு குழியை எடுக்கச் சொன்னேன். இந்த முறை வளையம் எட்டவில்லை. "வரப்பு கூடிப்போச்சு டீச்சர்! நிலம் குறையுது, வரப்பு கூடுது!" என்று ஒருத்தன் எழுந்து நின்று கத்தினான். இரண்டு அலகு கூடி 18 ஆகியிருந்தது. நிலம் குறைந்தால் வரப்பும் குறையும் என்று மனதில் ஊறிப்போயிருந்த எண்ணம் அந்த நிமிடத்தில் உடைந்ததை அவன் முகத்தில் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவன் அப்பா பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "என்ன டீச்சர், பையன் என் வயலுக்கு வரப்பு அதிகம்கிறான்" என்றார். அவருடைய நிலம் வாய்க்கால் ஓரமாக நீட்டமாகப் போகிற ஒரு மா. சதுரமாக இருந்தால் ஒரு மா நிலம் 120 அடிக்கு 120 அடி, சுற்றி 480 அடி வரப்பு. அதே ஒரு மா 240 அடிக்கு 60 அடி என்று நீண்டு கிடந்தால் 600 அடி வரப்பு. வரப்பு என்பது நடவு செய்ய முடியாத மண். களை எடுக்க வேண்டும், எலி வளை பார்க்க வேண்டும், வருடா வருடம் அண்டை வெட்டிப் பூச வேண்டும். "அது எங்களுக்குத் தெரியும்ங்க, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார். ஆணிப்பலகையைக் காட்டினேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து தன் வயலைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முக்கோணத்துக்கு ரப்பர் பேண்டே போதும். 4க்கு 3 செவ்வகத்தை மஞ்சளில் கட்டி, மூலைக்கு மூலை சிவப்பு ரப்பரைப் போட்டால் இரண்டு முக்கோணம், ஆளுக்கு ஆறு குழி. பாதி என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் சாய்ந்த கோட்டின் நீளத்தில் கவனமாக இருங்கள். ஒரு சின்னக் கட்டத்தின் மூலைக்கு மூலை போகிற கோட்டையும் பிள்ளைகள் ஒன்று என்றே எண்ணுவார்கள், ஏனென்றால் அடுத்த ஆணிக்குத்தானே போகிறது. ஸ்கேல் வைத்து அளக்கவிட்டேன். பக்கம் 2.5 செ.மீ., சாய்கோடு 3.5 செ.மீ. காட்டியது. குறுக்கே போனால் தூரம் குறையும் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தின் குறுக்குக்கோடு அதன் பக்கத்தைவிட நீளம் என்பதே புதிய செய்தி. 4க்கு 3 செவ்வகத்தின் மூலைக்கோடு மட்டும் மிகச்சரியாக 5 அலகு. அதை வைத்து முக்கோணத்தின் சுற்றளவு 12 என்று நூலால் காட்ட முடிந்தது. தொடக்கப்பள்ளிக்கு அதற்குமேல் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளுக்கு நான் நடத்தவில்லை. ஆணியிலிருந்து ஆணிக்கு நேர்கோடாக எந்த வடிவத்தைக் கட்டினாலும், ரப்பர் பேண்டு தொடும் ஆணிகளை எண்ணிப் பாதியாக்கி, உள்ளே இருக்கும் ஆணிகளைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் பரப்பளவு வந்துவிடும். கோடு தன்னையே வெட்டக் கூடாது, நடுவில் ஓட்டை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்திரிய கணிதவியலாளர் கியோர்க் பிக் 1899இல் வெளியிட்ட தேற்றம் இது. அந்த 4க்கு 3 முக்கோணத்தில் ரப்பர் தொடும் ஆணி 8, உள்ளே 3. நாலும் மூன்றும் ஏழு, ஒன்று போக ஆறு. பிள்ளைகள் கோணல்மாணலாக ஏதாவது கட்டிக்கொண்டு வந்து "இது எத்தனை குழி டீச்சர்?" என்று நிற்கும்போது விடையைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

பொருளின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரம் நன்றாக இருக்கிறது, ஓரம் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள், சிலாம்பு ஏறவில்லை. மூன்று பலகையில் ஒன்றில் இரண்டு ஆணிகள் முதல் வாரத்திலேயே ஆடத் தொடங்கின. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், மாற்றித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வந்த அன்றே ஒவ்வோர் ஆணியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலைதான். ஆடிய ஆணிகளை ஃபெவிகால் விட்டு நானே இறுக்கினேன், இப்போதும் நிற்கிறது.

ரப்பர் பேண்டுகள் எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்கவில்லை. ஒரே மாதத்தில் பிசுபிசுத்து, தொட்டால் அறுகிற நிலைக்கு வந்துவிட்டன. அறுந்த ரப்பர் ஒன்று ஒரு பிள்ளையின் புருவத்தில் பட்டுத் தெறித்தது. கண்ணில் படாமல் போனது பெரிய விஷயம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன்: ரப்பரை மாட்டும்போது ஒரு விரல் எப்போதும் ரப்பரின் மேல் இருக்க வேண்டும், முகத்தைப் பலகைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இப்போது மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற நைலான் ரப்பர் பேண்டு வாங்கி, டப்பாவில் போட்டு நிழலில் வைக்கிறேன். அதுவும் அறும், ஆனால் நாள் தாங்குகிறது. இரண்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பட அட்டைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒட்டகச்சிவிங்கி, மரம், நட்சத்திரம், பட்டாம்பூச்சி. பார்த்துக் கட்டுவதற்கு நன்றாக இருக்கும். சுற்றளவு, பரப்பளவுப் பயிற்சி என்று ஓர் அட்டைகூட இல்லை, தமிழில் ஒரு சொல்லும் இல்லை. அட்டைகளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் நானே எழுதிக்கொண்டேன். "12 குழி வயல் கட்டு. எத்தனை விதமாகக் கட்டலாம்?" "வரப்பு 20, குழி 21. எந்த வயல்?" "6 குழி வயல், ஆனால் வரப்பு மிக அதிகமாக வர வேண்டும்." கடைசிக் கேள்விக்கு நான் 6க்கு 1 என்ற விடையை வைத்திருந்தேன், வரப்பு 14. ஒரு பெண் படிக்கட்டு மாதிரி வளைத்து வளைத்துக் கட்டிவிட்டு அவளுக்கும் 14 என்றாள். எண்ணிப் பார்த்தேன், சரிதான். இரண்டும் சமம் ஏன் என்று அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் சொல்லவில்லை.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மேத் லேர்னிங் சென்டர் என்ற அமைப்பு ஜியோபோர்டு செயலி ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதை டேப்லெட்டில் போட்டுக் காட்டினேன். திரையில் இழுப்பது எளிது, ரப்பர் அறுவதில்லை. ஆனால் நூல் வளையம் அதில் முடியாது. விரல் ஆணியைத் தொட்டுத் தொட்டுப் போவதும் இல்லை. கையில் பலகை இருக்கிற பிள்ளைக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம், முதல் அறிமுகத்துக்கு வேண்டாம். கட்டம் போட்ட நோட்டு எப்போதும் வேண்டும். பலகையில் கட்டியதை உடனே நோட்டில் வரைந்து, அடியில் அலகோடு விடை எழுதச் சொல்வேன். அது இல்லாவிட்டால் பலகையில் தெரிந்தது தேர்வுத்தாளுக்கு வந்து சேராது. தரையில் டைல்ஸ் போட்ட பள்ளி என்றால் இன்னும் நல்லது. சாக்பீசால் ஓரம் வரைந்து, ஆளுக்கு ஒரு டைல்ஸ் என்று பிள்ளைகளையே குழிகளாக உட்காரவைக்கலாம்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு என்றால் ஒரு பலகை வாங்குங்கள், எட்டுக்கு எட்டு என்று பார்த்து வாங்குங்கள். நூல் வளையம் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். நூல் வளையத்தோடு சேர்த்தால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், பெட்டியில் வருவதை மட்டும் பார்த்தால் மூன்றுதான். வகுப்புக்கு என்றால் மூன்று போதவே போதாது. ஆறு பிள்ளைக்கு ஒரு பலகை என்று வைத்தபோது இரண்டு பேர் கட்டினார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்று இருக்க வேண்டும்.

அதனால் எங்கள் ஊரில் மரவேலை செய்கிற அண்ணனிடம் மாதிரியைக் கொடுத்திருக்கிறேன். கதவு செய்து மிஞ்சிய பிளைவுட் துண்டு, ஒரு பலகைக்கு 121 ஆணி, பதினொன்றுக்குப் பதினொன்று. பக்கத்துக்குப் பத்து அலகு என்பதால் முழுப் பலகையும் நூறு குழி, ஒரு மா. ஆணிக்கும் கூலிக்கும் சேர்த்து ஒன்று 150 ரூபாய் கேட்டார். ஆணித் தலை கையைக் கீறாமல் இருக்க அரம் போட்டுத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பலகை வந்துவிட்டது, மிச்சம் ஏழு அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்றிருக்கிறார்.